கம்பி நிறைந்த ஆறு நாட்கள்

டைப் அடிக்கும்போது ரீத்தா எதையும் வாசிப்பதில்லை. தக்கலை தாலுகா ஆபீசுக்கு எதிரே ராஜகுமாரின் ஜெராக்ஸ் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷமாகிறது. பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்று விண்ணப்பம், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை தாள் வந்துகொண்டே இருக்கும். கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், நடுவில் மனசு என்று ஒன்று குறுக்கே வராது. சேர்ந்த புதிதில் வாசித்துத்தான் அடித்தாள். கடலுக்குப் போனவனுக்கு இறப்புச் சான்று கேட்டு ஒரு பெண் எழுதிக் கொண்டுவந்த மனுவை இரண்டு வரி அடித்துவிட்டு, மீதியை அடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். ராஜகுமார்தான் வந்து சொன்னார்.

"பிள்ளே, வாசிச்சா அடிக்க முடியாது. வாசிக்கதுக்கு உள்ள தாசில்தார் இருக்காரு. அவரே வாசிக்க மாட்டாரு, உனக்கு என்ன?"

அன்றோடு வாசிப்பதை விட்டாள். வேகம் கூடியது. பிழையும் குறைந்தது.

ஜனவரி மாதம் ஒரு புதன்கிழமை தேவகனி டீச்சர் ஸ்கூட்டரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு தடித்த ஃபைலோடு வந்தபோது, ரீத்தா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை. முகத்தில் நல்ல சந்தோஷம்.

"எம்.எட். ஆய்வறிக்கை ரீத்தா. வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்கணும். வேற கடையில குடுத்தா சொதப்பிருவாங்க, நீங்கன்னா நம்பிக் குடுக்கலாம். நம்ம அஜிஷாவைப் பத்தித்தான். பேரு போடல, 'மாணவி அ'ன்னு போட்டிருக்கேன்."

"அவளைப் பத்தி இவ்வளவு எழுதுறதுக்கு இருக்கா டீச்சர்?"

"பின்னே? நம்ம ஜில்லாவுல யாருமே இப்படி ஒரு பரிசை வலுவூட்டியா வச்சுச் செய்யல. எனக்க கைடு பாத்துட்டு கொள்ளாம், நல்லாருக்குன்னு சொன்னாரு."

ரீத்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த டீச்சர் கேட்டால் அவள் உறக்கத்திலும் எழுந்து அடித்துக் கொடுப்பாள். அதற்குக் காரணம் இருந்தது.

அஜிஷாவுக்கு ஒன்பது வயது. குளச்சலில் அவள் முதலில் படித்த பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமும் அவளுக்கு மண்டு என்று பெயர். வாசிக்கச் சொன்னால் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். இழுத்து உட்கார வைத்தால் புத்தகத்தைக் கிழிப்பாள். பன்னிரண்டுக்கு அப்புறம் பதினான்கு என்பாள், சிலசமயம் பதினாறு என்பாள். தக்கலையில் இந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டென்று கேள்விப்பட்டு ரீத்தா கூட்டிக்கொண்டு வந்தாள். தேவகனி டீச்சர் இரண்டு நாள் பிள்ளையோடு இருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது மண்டத்தனம் இல்ல ரீத்தா. எழுத்து அவ கண்ணுக்கு நின்னு குடுக்க மாட்டேங்கு. எண்ணுலயும் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. புத்திக்கு ஒரு குறையும் இல்ல." அதுவரைக்கும் ஒருவரும் ரீத்தாவிடம் அப்படிச் சொன்னதில்லை. பள்ளிக்கூட வராந்தாவிலேயே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் டீச்சர் என்ன சொன்னாலும் அவளுக்கு அதற்குமேல் கேள்வியில்லை.

டீச்சரின் அறையில் ஆறு பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு மரப்பலகை. அதில் நேராக நிற்கும் ஒரு கம்பி. கம்பியில் பதினைந்து முத்து கோக்கலாம், பதினாறாவது ஏறாது. பத்து நிமிஷம் இடத்தில் இருந்தால் ஒரு முத்து. புத்தகத்தைக் கிழிக்காமல் ஒரு பக்கம் பார்த்தால் ஒரு முத்து. கைதூக்கிக் கேட்டால் ஒன்று. கம்பி நிறைந்தால் கடைசி மணிக்குப் பரிசு. எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் கம்பி நிறைந்ததா இல்லையா என்று பார்த்தவுடனே தெரியும். அதற்காகத்தான் அந்தக் கம்பி.

மற்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் ஸ்டிக்கரும் போதுமானதாக இருந்தது. அஜிஷாவுக்கு ஒரு வாரத்துக்குமேல் எதுவும் நிற்கவில்லை. பலூன், கலர் பென்சில், ஸ்கிப்பிங் கயிறு எல்லாம் பார்த்தாயிற்று. டீச்சர் ஒரு நாள் ரீத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"வீட்டுல இவ எதுக்காக என்ன சொன்னாலும் கேப்பா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் சொல்வதா வேண்டாமா என்று ரீத்தா கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் மாமியாருக்கும்கூட அது முழுதாகத் தெரியாது.

ரீத்தாவின் புருஷன் ஷைஜு பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் வேலை பார்த்தான். இரண்டு வருஷம் முன்பு பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, வலை இழுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். முப்பத்தெட்டு வயது. உடல் வந்து சேர இருபத்திரண்டு நாள் ஆனது. பெட்டியைத் திறக்க வேண்டாமென்று பெரியவர்கள் சொன்னார்கள். அஜிஷாவுக்கு அப்பாவின் முகத்தைக் கடைசியாகக் காட்டவில்லை. மீதமிருந்தது ரீத்தாவின் போனில் அவன் மகளுக்கென்று அனுப்பிய முப்பத்தொரு குரல்பதிவுகள். எதிலும் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. போட்டில் இருந்த பூனையோடு அவன் சண்டை போட்டது. அரபி முதலாளி கோபப்படுவதை அதேபோல செய்துகாட்டியது. "அஜி மக்கா, சோறு உண்டியா? என்ன கறி? நெத்திலியா? எனக்கு வேண்டாம், நீயே தின்னு" என்று பொய்க்கோபம். ஒன்றில் பேச்சே இல்லை, குறட்டை விடுவதுபோல நடித்துவிட்டு அவனே சிரித்திருந்தான். அஜிஷா இந்தப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடுவாள், கேட்டுக்கொண்டுதான் படுப்பாள்.

ரீத்தா சொல்லி முடித்ததும் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதைவிட ஒண்ணு கிடைக்காது ரீத்தா. ஆனா ஒரு காரியம். இது பள்ளிக்கூடத்துல மட்டும்தான் கிடைக்கணும். வீட்டுலயும் கிடைச்சா அதுக்கு மதிப்பு இருக்காது. உங்களால முடியுமா?"

"எவ்வளவு நாளைக்கு?"

"அவ நேராகுற வரைக்கும்."

அந்த ஜூலை மாதமே முப்பத்தொன்றையும் டீச்சரின் போனுக்கு அனுப்பினாள். தன் போனுக்குப் பூட்டுப் போட்டாள். அஜிஷா முதல் வாரம் சோற்றைத் தள்ளிவிட்டு அழுதாள். ரீத்தா திறந்து கொடுக்கவில்லை. கடையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அவள் மட்டும் கேட்டிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. பிள்ளைக்கு இல்லாததைத் தான் மட்டும் கேட்பது சரியில்லை என்று அவளும் கேட்காமல் இருந்தாள்.

ஆகஸ்ட் மாதத்துக்குள் கம்பி நிறையத் தொடங்கியது. அஜிஷா இடத்தில் உட்கார்ந்தாள். நோட்டு கிழியவில்லை. எட்டு வரி ஒரே மூச்சில் வாசித்தாள் என்று டீச்சர் டைரியில் எழுதியனுப்பினாள். சாயங்காலம் குளச்சல் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அஜிஷா அன்று கேட்டதை அப்படியே ஒப்பிப்பாள். "இன்னிக்கி பூனைக்குள்ளதும்மா. 'ஏலே பூச்சே, இது நெய்மீனாக்கும், உனக்க அப்பன் வாங்கித் தந்ததா?'" அப்பாவின் இழுவையோடு சொல்லுவாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். கண்டக்டர்கூட, "பூனை இன்னிக்கி என்ன சொல்லிச்சு மக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். புருஷனின் பேச்சை மகளின் வாய் வழியாகக் கேட்டுக்கொண்டு வருவது ரீத்தாவுக்குப் போதுமாக இருந்தது.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் பஸ்ஸில் அஜிஷா ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னிக்கி எது கேட்டே?"

"அப்பா பேசல்ல."

"ஏன், கம்பி நிறையல்லியா?"

"நிறைஞ்சுதும்மா."

டைரியில் 'இன்று பரிசு இல்லை' என்று எழுதியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மறுநாளும் அதே வரி, அதற்கு மறுநாளும் அதேதான். ஒவ்வொரு நாளும் பிள்ளை "நிறைஞ்சுது" என்றாள். மூன்றாவது நாள் ரீத்தா டீச்சருக்குப் போன் செய்தாள். டீச்சர் எப்போதும் போல மெதுவாகத்தான் பேசினாள். "கொஞ்சம் பொறுங்க ரீத்தா, நான் பாத்துக்கிடுதேன். வீட்டுல அவகிட்ட இதைப் பத்திக் கேக்காதீங்க." பிள்ளை ஏதோ பெரிய சேட்டை செய்திருக்கிறாள், தன் மனம் நோகுமே என்று டீச்சர் மறைக்கிறாள் என்று ரீத்தா நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தட்டில் வறுத்த கடலையைக் கொட்டினாள்.

"பதினஞ்சு எண்ணி எடு."

அஜிஷா எடுத்து வைத்தாள். பன்னிரண்டு வரைக்கும் சரியாக வந்தது. அப்புறம் பதினான்கு, பதினைந்து என்று சொல்லி நிமிர்ந்தாள். எடுத்து வைத்ததில் பதினான்குதான் இருந்தது.

"பாத்தியா? உனக்கு எண்ணத் தெரியாது. எண்ணத் தெரியாத நீ கம்பி நிறைஞ்சுதுன்னு எனக்கிட்டப் பொய் சொல்லுதே."

"கம்பிய எண்ணாண்டாம்மா. முத்து மேல முட்டும்."

"வாய மூடு ஏட்டி. டீச்சர் பொய் சொல்லுவாங்களா?"

மறுநாளிலிருந்தே பழையபடி ஆனது. இரண்டு நோட்டு கிழிந்தது. மணிக்கட்டில் தன் பல்லே பதிந்த தடத்தோடு வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் கேட்டதற்குப் பூனை செத்துப்போயிற்று என்றாள். மூன்றாவது வாரம், முற்றத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்பாக்கு எனக்கிட்டப் பிணக்கமா?"

ரீத்தா அப்போது மீன் அலசிக்கொண்டிருந்தாள். தலைவலி வேறு. "நீ சேட்டை செஞ்சா பிணங்கத்தானே செய்வாரு" என்றாள்.

அக்டோபர் கடைசியில் மறுபடியும் கிடைக்கத் தொடங்கியது. டைரியில் டீச்சர் ஒரு நட்சத்திரம் வரைந்து அனுப்பினாள். பிள்ளை மறுபடி அடங்கி உட்கார்ந்தாள். ஆனால் பஸ்ஸில் ஒப்பிப்பது நின்றுபோயிருந்தது. கேட்டால் "கேட்டேன்" என்பாள், அவ்வளவுதான். வயது கூடுகிறதல்லவா, விவரம் வந்துவிட்டது என்று ரீத்தா எடுத்துக்கொண்டாள்.

டீச்சரின் ஃபைலை வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் முக்கால்வாசி அடித்து முடித்திருந்தாள். முன்னுரை, கற்றல் குறைபாடு என்றால் என்ன, முந்தைய ஆய்வுகள் எல்லாம் விரலில் ஓடிப் போயின. நான்காம் அதிகாரத்தில் ஓர் அட்டவணை வந்தது. அட்டவணை என்றால் வாசிக்காமல் அடிக்க முடியாது, கட்டத்துக்குக் கட்டம் எண் சரியாக விழ வேண்டும். ஒரு வரிசையில் தேதி, அடுத்ததில் முத்துக்களின் எண்ணிக்கை, மூன்றாவதில் பரிசு. அக்டோபர் மாதம். முத்து பதினைந்து, பரிசு இல்லை. பதினைந்து, இல்லை. அப்படியே ஆறு வரி அடித்தாள். ஏழாவது வரியில் பதினொன்று. பிறகு ஒன்பது, ஆறு, நான்கு.

விரல் நின்றது. டீச்சருக்குக் கை தவறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். பரிசு 'உண்டு' என்று எழுத வேண்டியதை மாற்றி எழுதியிருப்பாள். கீழே விளக்கம் இருந்தது. அதை வாசித்தாள்.

'பரிசின் விளைவை உறுதிசெய்யும் பொருட்டு, மூன்று வாரங்களுக்கு முத்துக்கள் வழக்கம்போல வழங்கப்பட்டு, குரல்பதிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. இது மாணவிக்கோ பெற்றோருக்கோ தெரிவிக்கப்படவில்லை. ஆறாம் நாள் மாணவி நிறைந்த கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து ஆசிரியையிடம் காட்டினாள். ஆசிரியை எதிர்வினை காட்டவில்லை. ஏழாம் நாள் முதல் நடத்தையில் சரிவு காணப்பட்டது. இதனால் பரிசின் பயன் ஐயமின்றி நிறுவப்படுகிறது.'

வெளியே யாரோ ஆதார் கார்டு இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரீத்தா அந்தப் பத்தியை மறுபடி வாசித்தாள். ஆறாம் நாள் என்றால் கடலை எண்ண வைத்த நாள். பகலில் அஜிஷா டீச்சரிடம் கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள், டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

கடைசியில் பின்னிணைப்பு இருந்தது. 'பயன்படுத்தப்பட்ட வலுவூட்டிகள்' என்று தலைப்பு. ஒன்று, பூனை, முப்பத்திரண்டு விநாடி. அதற்குக் கீழே ஷைஜு பேசியதெல்லாம் டீச்சரின் உருண்டையான கையெழுத்தில், மேற்கோள் குறிக்குள். 'சிரிப்பு' என்று அடைப்புக்குறியில் போட்டிருந்தாள்.

ராஜகுமார் எட்டிப் பார்த்தார். கீபோர்டு சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது.

"என்ன பிள்ளே, வாசிச்சியா?"

"வாசிச்சுட்டேன் அண்ணே."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு அஜிஷா வந்தபோது அவரே அவளைக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குத் தன் மனைவி முத்துக்கனியிடம் கொண்டுபோய் விட்டார்.

ஐந்து மணிக்கு டீச்சர் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே, "ஆச்சா ரீத்தா? நாளைக்குக் காலையில பைண்டிங்குக்குக் குடுக்கணும்" என்றாள்.

"ஒரு சந்தேகம் டீச்சர். நாலாம் அதிகாரத்து அட்டவணையில."

"எண்ணு தெளிவா இல்லியா?"

"தெளிவாத்தான் இருக்கு. பதினஞ்சுன்னு இருக்கு, ஆறு நாளும். கம்பி நிறைஞ்சுதா அப்போ?"

"நிறைஞ்சுது. அதாக்கும் விஷயமே." டீச்சர் இந்த முறை உட்கார்ந்தாள். கேட்க ஆள் கிடைத்த உற்சாகம் அவளுக்கு. "பரிசு குடுக்கோம், பிள்ளை மாறுது. பரிசுனாலதான் மாறிச்சுன்னு எப்படிச் சொல்லுவிய? வயசு கூடினதுனாலயும் இருக்கலாம்லா? அதுக்கு நடுவுல நிறுத்திப் பாக்கணும். கீழ போச்சுன்னா பரிசுதான் காரணம். திருப்பிக் குடுத்தா மேல வரணும். வந்துதா இல்லியா?"

"எனக்கிட்டச் சொல்லல்லியே டீச்சர். நான் போன் பண்ணிக் கேட்டேனே."

"சொன்னா நீங்க மனசு இளகி வீட்டுல கேக்க வச்சிருவிய. எல்லாம் கெட்டுப் போவும். இது ஒண்ணும் ஒளிச்சு மறைச்சு செஞ்சதில்ல ரீத்தா. சம்மதப் படிவத்துல இருக்கு. 'ஆய்வின் தேவைக்கேற்பப் பரிசை மாற்றவோ நிறுத்தவோ சம்மதிக்கிறேன்'னு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கிய."

போட்டிருந்தாள். ஜூலை மாதம் அந்தப் படிவத்தை இதே மேஜையில் அடித்துக் கொடுத்ததும் ரீத்தாதான். மூன்று பிரதி எடுத்து, ஒன்றில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லையென்று டீச்சர் அன்றைக்குப் பாராட்டினாள்.

"அவ எனக்கிட்ட ஆறு நாளும் சொன்னா" என்றாள் ரீத்தா. "கம்பி நிறைஞ்சுதுன்னு. நான் கடலையை எண்ணச் சொல்லி, நீ பொய்க்காரின்னு காட்டிக் குடுத்தேன்."

டீச்சர் ஹெல்மெட்டை மடியில் வைத்தாள். பிறகு தணிந்த குரலில், "நீங்க அவளை நம்பியிருக்கலாம் ரீத்தா" என்றாள்.

குத்திப் பேச வேண்டுமென்று சொன்னதல்ல. உள்ளதைத்தான் சொன்னாள். ரீத்தா கீபோர்டின் மேல் இருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கம்பியத் தூக்கிக்கிட்டு உங்க மேஜைக்கு வந்தாளே. அப்போ நீங்க என்ன செஞ்சிய?"

"எதிர்வினை காட்டக்கூடாது. அது முறை."

"முறை இருக்கட்டு. நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்திய?"

"ரெஜிஸ்டர்ல எழுதிக்கிட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம் நின்னா?"

டீச்சர் ஹெல்மெட்டின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நின்ற நேரத்தையும் அவள் எழுதித்தான் வைத்திருந்தாள். ரீத்தா அதையும் அடித்திருந்தாள், நான்கு நிமிடம்.

பிரிண்ட் எடுத்த தாள்களைத் தட்டி அடுக்கி ரீத்தா மேஜையில் வைத்தாள். "எல்லாம் இருக்கு. பின்னிணைப்பு மட்டும் அடிக்கல்ல. அடிக்க மாட்டேன். நீங்க எழுதின தாளையும் தர மாட்டேன்."

"ரீத்தா, அது இல்லாம அறிக்கை முழுமையாகாது."

"அது எனக்க வீட்டுக்காரர் மகள்கிட்டப் பேசினது. உங்க போனுல உள்ளதையும் அழிச்சிருங்க டீச்சர். இப்போ, எனக்க முன்னால."

ஜெராக்ஸ் எடுக்க நின்ற இரண்டு பேர் இங்கே திரும்பினார்கள். ராஜகுமார் அவர்களிடம், "அங்க என்ன பாக்குதிய? ரேஷன் கார்டுக்க பின்பக்கம் வேணுமா வேண்டாமா?" என்றார்.

டீச்சரின் முகம் சிவந்திருந்தது. "கோவத்துல செய்யாதீங்க. இதை நிறுத்தினா அவ நாளைக்கே நோட்டைக் கிழிப்பா. ஹெட்மாஸ்டர் எனக்கிட்டக் கேப்பாரு. அந்த ரூமுல இடத்துக்கு எத்தனை பேரு நிக்காங்கன்னு தெரியுமா? நான் அவளுக்காகத்தான் செஞ்சேன். எட்டு வரி வாசிக்காளே, அது பொய்யா?"

"பொய்யில்ல."

"பின்னே?"

"கிழிச்சா கிழிக்கட்டு டீச்சர். நான் ஒட்டிக் குடுக்கேன்."

டீச்சர் போனை எடுத்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்தாள். மொத்தமாக அழிக்கும் வழி இருந்தும் அவள் ஏன் ஒவ்வொன்றாக அழித்தாள் என்று ரீத்தாவுக்கு விளங்கவில்லை. கோபமா, வேறெதாவதா தெரியவில்லை. ஒருமுறை விரல் தவறிப் பட்டு, ஷைஜுவின் குரல் "அஜி மக்கா..." என்று கடைக்குள் கேட்டது. அந்தக் குரலை ரீத்தா கேட்டு ஆறு மாதமாகியிருந்தது. டீச்சர் அதையும் அழித்துவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு, "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்றுதான் ரீத்தா நினைத்திருந்தாள். கூட்டமாக இருந்தது, நின்றுகொண்டே வந்தார்கள். அஜிஷா முத்துக்கனி கொடுத்த அச்சுமுறுக்கைத் துணிப்பையில் பத்திரமாகப் பிடித்திருந்தாள். வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டதும் ரீத்தா யூனிஃபார்மைக்கூட மாற்ற விடாமல் பிள்ளையைக் கட்டிலில் உட்கார வைத்துத் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். போனின் பூட்டை எடுத்து, அந்த முப்பத்தொன்றும் இருக்கும் இடத்தைத் திறந்து, அவள் மடியில் வைத்தாள்.

அஜிஷா போனைத் தொடவில்லை. "இன்னிக்கி ஒம்பதுதான். முத்து பாதிக்கு மேலதான் வந்துது."

"இனி கம்பி கிடையாது மக்கா. இது உனக்குள்ளது. எப்ப வேணும்னாலும் கேக்கலாம்."

"டீச்சர் சொன்னாங்களா?"

"டீச்சர் சொல்லாண்டாம். நான் சொல்லுதேன்." ரீத்தா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "காலாண்டு லீவு முடிஞ்சு போனியே, அப்போ ஆறு நாளும் கம்பி நிறைஞ்சுதுன்னு சொன்னே. நிறைஞ்சுது. நீ சொன்னதுதான் சரி. டீச்சர் வேணும்னு குடுக்காம இருந்திருக்காங்க, நீ என்ன செய்யேன்னு பாக்கதுக்கு. எனக்கு அது தெரியல்ல."

அஜிஷா கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நிறைந்தது என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

"அப்பாக்குப் பிணக்கம் இல்லியா?"

"ஒரு நாளும் இல்ல. பிணங்குவாருன்னு சொன்னது நான். அது பொய்."

"நீ எதுக்குப் பொய் சொன்னே?"

இதற்கு என்ன சொல்வதென்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. அவள் "தெரியல்ல மக்கா" என்றாள். அதுதான் உண்மையாக இருந்தது.

அஜிஷா போனை எடுத்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினாள். அம்மாவைச் சுற்றிக்கொண்டு நடந்து உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் கொஞ்சம் மேலே இருந்தது, எக்கிப் போடும் சத்தம் கேட்டது.

பிறகு உள்ளே ஷைஜு பேசத் தொடங்கினான். எது என்று ரீத்தாவுக்குப் பிடிபடும் முன்பே சத்தம் குறைந்தது. பிள்ளை குறைத்துவிட்டாள். கதவில் காது வைத்தால் கேட்டிருக்கும். ரீத்தா வைக்கவில்லை. கதவுக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு முறை சிரிப்புக் கேட்டது. அஜிஷாவின் சிரிப்பு. அது எந்தப் பதிவுக்கு என்று ரீத்தாவுக்குத் தெரியவில்லை.